டிஸ்கரேஜ்: ஒரு வரிப் பொருள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ‘டிஸ்கரேஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘ஊக்கம் இழக்கச் செய்தல், என்கரேஜ் என்பதன் எதிர்ச்சொல்’ என்று பொருள் தந்திருந்தீர்கள். தவறில்லை. ஆனால் அந்த ஒரு வரியை நம்பி வாக்கியம் எழுதப்போகிற பிள்ளை கட்டாயம் இடறும்.

எதிர்ச்சொல் என்று படித்ததுமே, என்கரேஜுக்குப் பின்னால் வரும் ‘டு’வை இதற்கும் ஒட்டிவிடுகிறார்கள். ‘என்கரேஜ்டு மீ டு ஜாயின்’ சரி. ‘டிஸ்கரேஜ்டு மீ டு ஜாயின்’ தவறு. இங்கே ‘ஃப்ரம்’ வர வேண்டும், அடுத்த வினை ‘இங்’ ஏற்க வேண்டும்: ‘டிஸ்கரேஜ்டு மீ ஃப்ரம் ஜாயினிங்’. ஒன்றை நோக்கித் தள்ளினால் ‘டு’, ஒன்றிலிருந்து விலக்கினால் ‘ஃப்ரம்’ என்று சொல்லிக்கொடுத்தால் மறக்காது. பிரிவென்ட், டிட்டர், டிஸ்வேட் எல்லாவற்றுக்கும் இதே வாய்ப்பாடுதான்.

நம் பேச்சுத் தமிழும் இதில் கொஞ்சம் குழப்பம் செய்கிறது. ‘டிஸ்கரேஜ் பண்ணிட்டாங்க’, ‘டிஸ்கரேஜ் ஆயிட்டேன்’ என்று பண்ணு, ஆகு இரண்டையும் வைத்து யார் செய்தது, யாருக்கு நேர்ந்தது என்பதை அழகாகப் பிரித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ‘ஆகு’ காணாமல் போய் ‘ஐ டிஸ்கரேஜ்டு’ என்று மொட்டையாக நிற்கிறது. படிப்பவர் ‘நீ யாரை?’ என்று கேட்பார். ‘ஐ வாஸ் டிஸ்கரேஜ்டு’ அல்லது ‘ஐ காட் டிஸ்கரேஜ்டு’ என்றுதான் எழுத வேண்டும். மதிப்பெண் ‘டிஸ்கரேஜிங்’, அதைப் பார்த்த மாணவன் ‘டிஸ்கரேஜ்டு’. ‘ஐ யாம் டிஸ்கரேஜிங்’ என்று மாற்றி எழுதினால், அடுத்தவர் மனதைக் கெடுக்கிற ஆள் நான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்!

இலக்கணம்கூடத் திருத்தினால் போய்விடும். பொருளில்தான் பெரிய சிக்கல். இந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது: ஒருவர் மனதைத் தளரவைப்பது ஒன்று, ஒரு செயல் நடக்காமலிருக்க முயல்வது மற்றொன்று. இரண்டாவதில் யார் மனமும் நோக வேண்டியதில்லை. ‘ஸ்மோக்கிங் இஸ் டிஸ்கரேஜ்டு’ என்பதைப் ‘புகைபிடித்தல் ஊக்கமிழக்கச் செய்யப்படுகிறது’ என்று பெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். ‘புகைபிடிப்பதைத் தவிர்க்கவும்’ என்றால் முடிந்தது. நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் அது கொசுக்களை ‘டிஸ்கரேஜ்’ செய்யும் என்று எழுதலாம். கொசுவுக்கு ஏது மனத்தளர்ச்சி? ‘கொசு பெருகாது’ என்பதே தமிழ்.

மனதை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘டிஸ்ஹார்ட்டன்’ இருக்கிறது. அது ஆளை மட்டுமே ஏற்கும், செயலை ஏற்காது. பின்னால் ‘ஃப்ரம்’ போட்டு வினை சேர்ப்பதும் அதற்குப் பொருந்தாது. கரேஜ் என்ற சொல்லுக்குள்ளும் இதயத்தைக் குறிக்கும் லத்தீன் வேர்தான் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லில் இதயம் தேய்ந்துவிட்டது, ஆங்கிலத்தில் வெளிப்படையாகக் கோத்த டிஸ்ஹார்ட்டனில் தேயவில்லை.

எங்கள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை வைத்தே வேறுபாட்டைக் காட்டலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பது ‘பேன்’, அதாவது சட்டப்படியான தடை. அந்த இடத்தில் டிஸ்கரேஜ் என்று எழுதினால் தடை வெறும் அறிவுரையாகச் சுருங்கிவிடும். கடல் சீற்றத்தைப் பார்த்து, ஆபத்துக்கு அஞ்சி ஒருவர் படகை எடுக்காமல் இருந்தால் ‘டிட்டர்டு’. ‘இன்றைக்கு வேண்டாமப்பா’ என்று மூத்தவர் காரணம் சொல்லி நிறுத்தினால் ‘டிஸ்வேடட்’. திரும்பத் திரும்ப வலை வெறுமையாகவே வந்து ஒருவர் மனம் விட்டுப்போனால் அது ‘டிஸ்ஹார்ட்டன்டு’. அங்கே டிஸ்கரேஜ்டும் பொருந்தும். படகுத்துறை முழுக்கவே நம்பிக்கையிழந்து கிடந்தால் ‘டிமாரலைஸ்டு’. இந்தக் கடைசிச் சொல்லின் முதற்பொருள் ஒழுக்கத்தைக் கெடுத்தல் என்பது. இன்று பெரும்பாலும் ஒரு குழுவின் உறுதி குலைவதைச் சொல்லவே வருகிறது.

தமிழில் எதைத் தருவது? தளர் என்பதன் பிறவினை தளர்த்து, ஆனால் ‘மனதைத் தளர்த்தினார்’ என்று யாரும் சொல்வதில்லை. விதியைத் தளர்த்துவார்கள், முடிச்சைத் தளர்த்துவார்கள். ஆகவே ‘மனம் தளரச் செய்’ என்றே வர வேண்டும். ‘அதைரியப்படுத்து’ நல்ல சொல், இப்போது அரிதாகிவிட்டது. ராயபுரம் தேவாலயங்களில் வேதாகமம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் ‘திடனற்றுப்போதல்’ நன்றாகவே தெரியும். ‘மட்டம் தட்டுதல்’ இதற்கு ஈடாகாது, அது இழிவுபடுத்துவது. நம் பக்கத்துப் ‘பேஜார் பண்றது’ வெறும் தொல்லை.

இனி இத்தகைய சொற்களுக்குப் பொருளோடு, பின்னால் வரும் இடைச்சொல்லையும் ஒரு முழு வாக்கியத்தையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம். இடம் போதாதென்றால் எதிர்ச்சொல்லை எடுத்துவிட்டு அங்கே ‘ஃப்ரம்’ போடுங்கள்.

– ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.