ஜெபம் பண்ணிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிடுறோம், அது போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பரங்கிமலைல இருக்கேன், ரிட்டயர்டு டீச்சர், உங்க பேப்பர முப்பது வருஷத்துக்கு மேல வாங்குறேன். போன வாரம் ஒரு ஏவுகணை படம் அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தீங்க, நீளம் எவ்ளோ, எடை எவ்ளோ, எவ்ளோ தூரம் போகும்னு எல்லாத்துக்கும் அம்புக்குறி போட்டு விளக்கம் இருந்துச்சு. என் பேரன் அத கத்தரிச்சு பீரோ கதவுல ஒட்டிட்டான். இது போய் விழுற இடத்துல யாருடா இருப்பாங்கன்னு கேட்டேன், அவன் படத்த திரும்ப ஒருதடவ பாத்துட்டு "அது இதுல போடல பாட்டி"ன்னான். ரெண்டு நாளா அந்த பதிலே மனசுல ஓடிட்டு இருக்கு, அதனாலதான் இந்த லெட்டர்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், நான் ராணுவத்துக்கு எதிரி இல்ல. எங்க அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரில ஃபிட்டரா இருந்தவர், அந்த சம்பளத்துலதான் நாங்க நாலு பேரும் படிச்சோம். என் அக்கா பையன் இன்னைக்கும் ஆர்மில இருக்கான். அப்பா வேலைய குறை சொல்லி ஒருநாளும் பேசினதில்ல, ஆனா 1971 சண்டை நடந்தப்போ ரேடியோல செய்தி ஆரம்பிச்சா எழுந்து வாசலுக்குப் போயிடுவார். அம்மா ஏன்னு கேட்டதுக்கு "நான் முறுக்கின போல்ட்டு இப்போ எங்க நிக்குதோ"ன்னு மட்டும் சொன்னாராம். நாங்க கிறிஸ்தவங்கதான், இருந்தாலும் ஆயுத பூஜை அன்னைக்கு அப்பா பொரி கடலை பொட்டலத்தோடதான் வருவார், பக்கத்து வீட்டு அம்மா அருவாமனைக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வச்சிட்டு அப்பாவோட சுத்தியலயும் கேட்டு வாங்கி பொட்டு வச்சு குடுப்பாங்க. நம்ம ஊர்ல ஆயுதம்னா அதுதான் சார், காய் நறுக்குறது, துணி தைக்கிறது, ஆணி அடிக்கிறது. பைபிள்ல ஏசாயா சொல்றதும் கிட்டத்தட்ட இதுதான், பட்டயத்த, அதாவது வாள, மண்வெட்டியா அடிப்பாங்க, ஈட்டிய அரிவாளா அடிப்பாங்க, அதுக்கப்புறம் யுத்தத்த யாரும் கத்துக்க மாட்டாங்கன்னு.

அந்த ஒரு வசனத்த அப்படியே எடுத்துக்கிட்டு சுத்தியலோட கிளம்பினவங்க அமெரிக்கால இருக்காங்க. 1980 செப்டம்பர் 9 அன்னைக்கு டேனியல் பெரிகன், பிலிப் பெரிகன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர், அண்ணன் பாதிரியார், தம்பி பாதிரியாரா இருந்தவர், இன்னும் ஆறு பேரோட பென்சில்வேனியால அணு ஆயுத ஏவுகணையோட கூம்பு மாதிரி முனைய செய்ற ஆலைக்குள்ள போயி அத சுத்தியலால தட்டி வளைச்சாங்க. அதே வழில வந்தவங்கதான் சிஸ்டர் மேகன் ரைஸ். 2012 ஜூலை 28, விடியறதுக்கு முன்னாடி, டென்னசில ஓக் ரிட்ஜுங்கற ஊர்ல அணுகுண்டுக்கான யுரேனியம் வச்சிருக்கிற கட்டடம் வரைக்கும் இன்னும் ரெண்டு பேரோட வேலிய வெட்டிட்டு நடந்தே போயிட்டாங்க, அப்போ அவங்க வயசு 82. சுவத்துல ரத்தம் ஊத்தி, மூலைய சுத்தியலால தட்டி, பாட்டு பாடிட்டு நின்னாங்க, செக்யூரிட்டி வந்தப்போ ஓடல, அவருக்கு சாப்பிட ரொட்டி நீட்டினாங்க. கோர்ட்ல அந்த அம்மா தயவு காட்டாதீங்க, ஆயுசு முழுக்க ஜெயில்ல வச்சாலும் அது எனக்கு பெரிய பரிசுதான்னு சொன்னாங்க. 35 மாசம் தண்டனை குடுத்தாங்க, அப்பீல் கோர்ட் நாசவேலைன்னு சொன்ன குற்றச்சாட்ட ரத்து பண்ணினதால 2015ல வெளிய வந்தாங்க, 2021ல 91 வயசுல இறந்தாங்க.

வேலிய வெட்டினது சரியா தப்பான்னு எங்க வீட்லயே ஒரு ராத்திரி முழுக்க வாக்குவாதம், என் மருமகன் சட்டத்த மீறினா அது எப்படி அகிம்சை ஆகும்னு கேட்டார், அவர் கேட்டதுலயும் நியாயம் இருக்கு, நானும் யாரையும் வேலி தாண்டி போகச் சொல்லல. எனக்கு மறக்க முடியாதது அந்த ரொட்டிதான். துப்பாக்கியோட வந்தவர எதிரியா பாக்காம, பசிக்குமேன்னு நினைச்சாங்க பாருங்க, அங்கதான் இது பக்தி, அது இல்லன்னா வெறும் கோபம்.

டோரதி டேன்னு இன்னொரு அம்மா, 1955 ஜூன் மாசம் நியூயார்க்ல அணுகுண்டு ஒத்திகைக்கு சைரன் ஊதினப்போ எல்லாரும் பதுங்க ஓடினாங்க, இவங்களும் இன்னும் கொஞ்ச பேரும் சிட்டி ஹால் பக்கத்துல இருக்கிற பார்க்ல அசையாம உக்காந்துட்டாங்க. அரெஸ்ட் பண்ணாங்க. அடுத்த வருஷமும் உக்காந்தாங்க, அதுக்கடுத்த வருஷமும் உக்காந்தாங்க, 1961க்குள்ள கூட்டம் ஆயிரக்கணக்குல ஆகி அந்த ஒத்திகையவே நிறுத்திட்டாங்க. உடைக்கல, திட்டல, உக்காந்தாங்க அவ்ளோதான். 2025 மே மாசம் நம்ம ஊர் ஹார்பர்லயும் ஒத்திகை நடந்துச்சு, பாகிஸ்தானோட சண்டை நடந்த அந்த நாலு நாளும் டிவிய போட்டாலே சைரன் சத்தம், கடைசில நிகழ்ச்சிகள்ல சைரன் போடாதீங்கன்னு அரசாங்கமே சேனல்களுக்கு சொல்ல வேண்டி வந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழமை பூசைல சமாதானத்துக்காக ஒரு மன்றாட்டு, அரை நிமிஷம், "ஆண்டவரே எங்கள் மன்றாட்டை கேட்டருளும்"னு சொல்லிட்டு எல்லாரும் வண்டிய எடுத்துட்டு போயிட்டோம், நானும்தான். ஒரு சர்ச் கமிட்டில, பேர் வேணாம், மெழுகுவத்தி ஏத்தி வாசல்ல அரைமணி நேரம் நிக்கலாமான்னு கேட்டேன். இந்த நேரத்துல நம்ம ஆளுங்க இப்படி நின்னா தேசத்துரோகின்னு சொல்லிடுவாங்க டீச்சர், வேணாம்னுட்டாங்க. அவங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா 1967 ஏப்ரல் 4 அன்னைக்கு மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க் ரிவர்சைடு சர்ச்ல வியட்நாம் போருக்கு எதிரா பேசினப்போ அவரையும் இப்படித்தான் சொன்னாங்க, கூட இருந்தவங்களே வருத்தப்பட்டாங்க, பெரிய பெரிய பேப்பர்லாம் தலையங்கம் எழுதி கண்டிச்சாங்க. நீங்க பேப்பர் நடத்துறவர், அதனால இத உங்ககிட்ட சொல்றேன்.

எங்க எதிர்வீட்டுக்காரர் சொல்வார், பார்டர்ல ஒருத்தன் தூங்காம நிக்கிறான், அதனாலதான் நீங்க இங்க நிம்மதியா ஜெபம் பண்றீங்கன்னு. நிஜம்தான், அந்த ஒருத்தன் எங்க அக்கா பையனா கூட இருக்கலாம், அவன் முழுசா திரும்பி வரணும்னுதான் நான் நிக்கணும்னு சொல்றேன். 1930 ஏப்ரல் 23 பெஷாவர்ல கான் அப்துல் கபார் கானோட குதாயி கித்மத்கார், அதாவது கடவுளோட ஊழியர்கள், ஆயுதம் தொடமாட்டோம்னு சத்தியம் பண்ணின பட்டாணியர்கள், அவங்க மேல சுடச்சொல்லி உத்தரவு போட்டப்போ கார்வால் ரைஃபிள்ஸ் சிப்பாய்கள் சுடமாட்டோம்னு நின்னு அதுக்காக ஜெயிலுக்குப் போனாங்க. சிப்பாய்க்கும் மனசாட்சி இருக்குன்னு அன்னைக்கு தெரிஞ்சுது, எதிர்ல நின்னவங்க கைல கல்லும் கத்தியும் இருந்திருந்தா அது தெரிஞ்சே இருக்காது.

நம்ம சென்னைக்கும் இதுல பங்கு இருக்கு, நம்ம பிள்ளைங்களுக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல. காந்தி 1918ல குஜராத்துல கேடா ஜில்லா கிராமம் கிராமமா போயி வெள்ளக்காரன் பட்டாளத்துக்கு ஆள் சேத்தவர், படுத்த படுக்கையாகுற அளவுக்கு அலைஞ்சார். அதே மனுஷன் அடுத்த வருஷம் மார்ச்ல இங்க வந்து கத்தீட்ரல் ரோட்டுல ராஜாஜி வீட்ல தங்கியிருந்தார், போர்க்கால அடக்குமுறைய அமைதி காலத்துலயும் நீட்டிக்கிற ரௌலட் சட்டத்த என்ன பண்றதுன்னு தெரியாம தூங்கி, விடியக்காலைல எழுந்து ராஜாஜிகிட்ட கனவு மாதிரி ஒரு யோசனை வந்துச்சுன்னு சொன்னார். நாடு முழுக்க ஒருநாள் கடைய அடைச்சு, வேலைய நிறுத்தி, விரதம் இருந்து பிரார்த்தனை பண்ணணும். 1919 ஏப்ரல் 6 அன்னைக்கு அது நடந்துச்சு. இந்தியா முழுக்க நடந்த ஒரு போராட்டம் நம்ம கத்தீட்ரல் ரோட்டுல பிரார்த்தனையா ஆரம்பிச்சுதுங்க. இடிந்தகரைல லூர்து மாதா கோவில் முன்னாடி பந்தல் போட்டு மீனவப் பெண்கள் அணு உலைக்கு எதிரா மாசக்கணக்கா உண்ணாவிரதம் இருந்ததும் அதே வழிதான்னு எனக்குத் தோணுது.

அதனால நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் நம்ம ஹார்பர் மேல குண்டு போட்டுச்சு, பர்மா ஆயில் கம்பெனி டேங்க் பத்தி எரிஞ்சுது, ஹார்பர்ல நின்ன கப்பல்ல இருந்தவங்க செத்தாங்க, ஊரே மூட்டை கட்டிட்டு ரயிலேறுச்சு. ஹைகோர்ட் காம்பவுண்டு சுவத்துல அதுக்கு ஒரு கல்வெட்டு இருக்கு, பிராட்வேல பஸ் ஏற ஓடுறவங்க யாரும் நின்னு பாக்கறதில்ல. செப்டம்பர் 21 ஐநாவோட உலக சமாதான நாள், அதுக்கு மறுநாள் நம்ம ஊர் மேல குண்டு விழுந்த நாள். அந்த 22ஆம் தேதி கோவில்காரங்க, பள்ளிவாசல்காரங்க, சர்ச்காரங்க, சாமி கும்பிடாதவங்களும் வரலாம், அந்தக் கல்வெட்டு முன்னாடி சாயங்காலம் அரைமணி நேரம் பேசாம நிக்கணும். கொடி வேணாம், கட்சி வேணாம், மைக் வேணாம், யாரையும் ஒழிக சொல்ல வேணாம். பந்தோபஸ்துக்கு வர்ற போலீஸ்காரங்களுக்கும் சேத்து நான் சுண்டல் செஞ்சு எடுத்துட்டு வர்றேன்.

பர்மிஷன் கேட்டு கமிஷனர் ஆபீஸுக்கு மனு எழுதி வச்சிருக்கேன், இந்த வாரம் நேர்ல குடுத்துடுவேன். அங்க நிக்க முடியாதுன்னு சொன்னாங்கன்னா அவங்க சொல்ற இடத்துல நிக்கிறோம், யாருமே வரலன்னா நானும் என் பேரனும் நிக்கிறோம். அவன்கிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டான், பீரோல இருக்கிற படத்த எடுக்கணுமான்னு கேட்டான், அது உன் இஷ்டம்டான்னேன்.

உங்க 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதில அன்னைக்கு ரெண்டு வரி போட்டீங்கன்னா போதும் சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பரங்கிமலை, சென்னை.