மலிந்தது உலோகம்தான், ஹைட்ரஜன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க மலிவான உலோக வினையூக்கி (வேதிவினையை எளிதாக்கிவிடும் பொருள்) வந்துவிட்டது, பிளாட்டினத்துக்கு இனி வேலை இல்லை என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். காரைக்குடியில் நிக்கல் முலாம் பட்டறை வைத்திருப்பவன் நான். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலிருந்து பூட்டு, கைப்பிடி, விளக்குத் தண்டு என்று வேலை வரும். ஹைட்ரஜன் எங்களுக்குத் தினமும் கண்ணில் படுகிற சரக்குதான், என்ன, வாங்கத்தான் ஆள் இல்லை. பித்தளைச் சாமானின் எண்ணெய்ப் பிசுக்குப் போக காஸ்டிக் தொட்டியில் தொங்கவிட்டு கரண்ட் கொடுத்தால், பால் பொங்குகிற மாதிரி ஹைட்ரஜன் நுரை கட்டும். ரெக்டிபயரை, அதாவது தொட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியை, அணைக்காமல் கொக்கியை எடுத்தால் போச்சு, ஒரு பொறி பட்டு நுரை முழுக்கப் படபடவென்று வெடிக்கும். பட்டறைக்கு வருகிற புதுப் பையன்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் அரண்டவர்கள்தான்.

நிக்கலால் நீரைப் பிரிப்பது புதிதல்ல. காரக் கரைசலில் இப்படி ஹைட்ரஜன் எடுக்கும் ஆலைகள் நார்வேயில் 1920களிலேயே ஓடின. நிக்கலோடு கொஞ்சம் இரும்பு சேர்ந்தால் ஆக்சிஜன் வரும் முனை இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று 1987இல் கோரிகன் என்பவர் எழுதிவிட்டார். பிளாட்டினமும் இரிடியமும் வேண்டியிருப்பது அமிலத்தன்மையுள்ள சவ்வு வைத்த இயந்திரங்களுக்கு. அங்கே நிக்கல் கரைந்துபோகும். இரிடியமோ உலகம் முழுக்கச் சேர்த்தாலும் வருடத்துக்குப் பத்து டன் தேறாது. அதற்கு மாற்று கிடைத்தால் அதுதான் பெரிய செய்தி. காரக் கரைசல் இயந்திரம், அமிலச் சவ்வு இயந்திரம் இரண்டையும் கட்டுரை ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டது.

அப்புறம், செலவுக் கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு இன்றைய இயந்திரங்கள் 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் குடிக்கின்றன. யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலும் கரண்டுக்கே 250 ரூபாய். நீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். எந்த வினையூக்கியும் அதில் கை வைக்க முடியாது. அதற்கு மேல் வீணாகிற வோல்ட்டைத்தான் அது குறைக்கும். பத்தில் ஒரு வோல்ட் குறைத்தால் கிலோவுக்குச் சுமார் 2.7 யூனிட் மிச்சம், அதாவது பதின்மூன்று ரூபாய் சொச்சம். ஆலைக்கு அது நல்ல காசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'தண்ணீர் விலையில் எரிபொருள்' என்று தலைப்புப் போடுகிற அளவுக்கு இல்லை.

அதைவிட, அந்த வினையூக்கி எத்தனை நாள் தாங்கும் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. முலாம் ஏறிக்கொண்டிருக்கும்போது இ.பி. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் நிக்கல் மேல் நிக்கல் ஒட்டாது. இரண்டாவது பூச்சு வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வரும். எத்தனை கைப்பிடியை இப்படித் திரும்பத் தேய்த்திருக்கிறேன்! ஹைட்ரஜன் இயந்திரத்திலும் நிறுத்தும்போது மின்சாரம் எதிர்த்திசையில் கொஞ்சம் பாய்ந்து முனையைக் கெடுக்கும். சூரிய மின்சாரத்தில் ஓட்டினால் தினமும் சாயங்காலம் நிறுத்தித்தானே ஆக வேண்டும்? ஆகவே இனி இப்படிச் செய்தி போடும்போது எத்தனை வோல்ட், சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு கரண்ட், எத்தனை மணி நேரம், நடுவில் எத்தனை தடவை நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

கேட்க வெகுதூரம் போக வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி எங்கள் ஊரில்தான் இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே உள்ள ஆராய்ச்சி நிலையம். நிருபரை அங்கே அனுப்புங்கள். திரும்பும்போது எங்கள் பட்டறைக்கும் வரட்டும், காஸ்டிக் தொட்டியைக் காட்டுகிறேன். கொக்கியை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
முலாம் பட்டறைக்காரர்,
காரைக்குடி