சருகு மூட்டை கொடுத்த அக்காவுக்கு

எங்கள் தெருவாருக்கும், கடலூரில் தென்பெண்ணைக் கரையோரம் வாழும் எல்லோருக்கும் வணக்கம்.

ஃபெஞ்சல் புயலையும் அதன் பின்னால் ஆறு வந்த விதத்தையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பரின் தண்ணீர்க் கோடு இன்னும் நம் சுவர்களில் இருக்கிறது. இன்று என் கொல்லையில் பாலூர் 1 என்ற ரகக் கத்தரியின் முதல் காய்களைப் பறித்தேன். அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சேற்றை வாரித் தள்ளிய தெருப் பிள்ளைகளுக்கும், மோட்டார் வைத்து நீர் இறைத்துக் கொடுத்த கோடிவீட்டு அண்ணனுக்கும், மட்கிய எருவை டிராக்டரில் அனுப்பிவைத்த பண்ருட்டிச் சம்பந்திக்கும், பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வரை போய் விதை வாங்கி வந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும் கைகூப்பி நன்றி. நீங்கள் இல்லாவிட்டால் தை மாத விதைப்பான தைப்பட்டம் எனக்குத் தவறிப்போயிருக்கும்.

இந்த மடலில் பெரும்பகுதி இன்னொருவருக்கு உரியது. நம் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் அக்காவைச் சொல்கிறேன். பெயர் எழுதினால் கூச்சப்படுவார். அவர் யாரென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் சத்துள்ளதுதான். ஆனால் நைசான அந்த மண் காய்ந்ததும் ஓடு போல இறுகிவிட்டது. ஊற்றிய நீர் உள்ளே இறங்கவில்லை, வெண்டை விதை முளைத்தும் மேலே வர முடியவில்லை. நான் வாசலில் நின்று யாரிடமோ இதைச் சொல்லிப் புலம்பியது, பெருக்கிக்கொண்டிருந்த அக்காவின் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் காலை கேட்டருகே ஒரு சாக்கு மூட்டை இருந்தது. உள்ளே வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும். மாசி, பங்குனி இரண்டு மாதமும் அந்த மூட்டை வந்தது. வேம்பும் புங்கமும் இலை உதிர்க்கும் பருவம் அது; மற்ற ஆண்டுகளில் அத்தனையும் தெருமுனையில் எரிந்து புகையாகும்.

மூட்டையைப் பிரித்துக் கொட்டியபோதுதான் கவனித்தேன். ஒரு பிளாஸ்டிக் உறை, ஒரு கண்ணாடித் துண்டு கிடையாது. தெருவில் கிடப்பதில் பாதி அதுதான் என்பது நமக்குத் தெரியும். வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து கையால் பொறுக்கி எடுத்திருக்கிறார். பணம் நீட்டியபோது வாங்கவில்லை. "எரிக்கிறதை மண்ணுக்குக் கொடுக்கிறேன், இதற்கெதற்கு டீச்சர் காசு?" என்றார். வெள்ளத்தில் அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அந்த நிலையிலும் என் கொல்லையை நினைத்தாரே என்று எண்ணும்போது இப்போதும் தொண்டை அடைக்கிறது.

சருகு செய்த வேலையையும் சொல்ல வேண்டும், உங்களுக்கும் உதவும். மட்காத சருகை அப்படியே மண்ணில் கலந்துவிட்டால், மட்கும்போது மண்ணின் தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அதனால் மேலே மூன்று அங்குல உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பி, சாணிக் கரைசல் தெளித்தேன். தண்டு அழுகாமல் இருக்கச் செடியைச் சுற்றிச் சிறிது இடம் விட்டேன். சில வாரங்களில் மூடாக்கை விலக்கிப் பார்த்தால் அடியில் ஈரம், பொலபொலவென்ற மண், மண்புழு! அதன் பிறகு மறுபடி ஊன்றிய வெண்டை பழுதில்லாமல் வந்தது. இரண்டடிக்கு ஒன்றாக நட்ட கத்தரி நாற்றுகளுக்கு இடையே முளைக்கீரை தூவி, கத்தரி படர்வதற்குள் பிடுங்கிச் சமைத்தோம். சித்திரை வெயிலிலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் போதுமானதாக இருக்கிறது.

ஆண்டாண்டாக நம் வாசலைச் சுத்தம் செய்கிறவரிடம் "சாப்பிட்டீர்களா" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? உரத்தைப் பற்றி நான் படித்தது உண்டு. நம் தெருவில் எந்த மரம் எப்போது இலை உதிர்க்கும், எந்த இலை சீக்கிரம் மட்கும் என்பது அவருக்குத்தான் தெரிகிறது. வேளாண்மை பேசுகிறவர்கள் அவரைப் போன்றவர்களிடமும் கேட்க வேண்டும்.

இன்று பறித்த கத்தரியில் முதல் கூறு அவர் வீட்டுக்குப் போய்விட்டது. காய் என்றதும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். இனி நம் தெருவில் ஒரு சருகும் எரியக் கூடாது என்று உறுதி எடுத்திருக்கிறேன். என் மனையின் தெற்கு மூலையில் மட்குக் குழி வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது. குப்பையைத் தரம் பிரித்து வைப்பது நம் வேலை. அக்காவின் கையில் இனிக் கண்ணாடி குத்தக் கூடாது. ஆடிப்பட்டத்துக்குக் கத்தரியும் வெண்டையும் விதைக்கு விட்டிருக்கிறேன். வேண்டுவோர் ஆனிக் கடைசியில் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.