கையொப்பத்துக்குக் கிரெடிட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

விவசாயப் பொருளியல் படிக்கும் மாணவர்களின் இன்டர்ன்ஷிப் பயிற்சிக்குக் கிரெடிட் (பட்டப்படிப்பின் கணக்கில் சேரும் பாட அலகு) வழங்கப்படுவது நல்ல ஏற்பாடு. ஆனால் அது நடக்கும் விதம் கவலை தருகிறது. கொழும்பில் விளைபொருள் சந்தைப்படுத்தலோடு தொடர்புள்ள அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி சாதாரண பாடமொன்றில் ஒரு கிரெடிட்டுக்கு 50 கற்றல் மணித்தியாலங்கள். தொழிற்பயிற்சி என்றால் குறைந்தது 100. மூன்று கிரெடிட்டுக்கு 300 மணித்தியாலம், அதாவது ஏறக்குறைய இரண்டு மாத வேலைநாட்கள். இந்த இரண்டு மாதமும் பல பிள்ளைகளுக்குப் போட்டோகொப்பி எடுப்பதிலும், பழைய கோப்புகளை அடுக்குவதிலும், யாரோ சேகரித்த எண்களைக் கணினியில் ஏற்றுவதிலும் போய்விடுகிறது. கடைசி நாளில் நாட்குறிப்பை நீட்டினால், அதிகாரி வாசிக்காமலே பக்கம் பக்கமாகக் கையொப்பம் வைக்கிறார். கிரெடிட்டும் கிடைத்துவிடுகிறது.

இத்தனைக்கும் இந்தப் படிப்புக்குக் கொழும்பைவிட நல்ல வகுப்பறை கிடையாது. 1883 முதல் தேயிலை ஏலம் இங்கேதான் நடக்கிறது. நாளாந்த உணவு விலைகளைத் திரட்டி வெளியிடும் ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. புறக்கோட்டையிலிருந்து இடம்மாறிய மெனிங் மொத்த மரக்கறிச் சந்தை பக்கத்தில் பேலியகொடையில் இருக்கிறது. ஒரு பிள்ளையை விடியப்புறம் அங்கே அனுப்பிப் பாருங்கள். லொறியிலிருந்து இறங்கும்போது கரட் மூட்டைக்குச் சொன்ன விலை வெயில் ஏறியபின் இருக்காது. அப்படியானால் அன்றைய மொத்த விலை என்று எதை எழுதுவது? முதலில் கேட்ட விலையையா, கூடுதலான மூட்டைகள் கைமாறிய விலையையா? இந்தக் கேள்வியில் தடுமாறி, வியாபாரிகள் நாலு பேரிடம் விசாரித்து, ஒரு முடிவுக்கு வரும் பிள்ளை அந்த ஒரு காலையிலேயே பாதிப் பாடம் படித்துவிடுகிறது.

எங்களிடம் வந்த மாணவி ஒருவர் யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத்தின் விலையை, தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைவரை தொடர்ந்து போனார். லொறிக்கூலி, இறக்குகூலி, கமிஷன், அழுகல் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிரல் போட்டார். வடக்கின் சந்தைகளில் விவசாயி கொண்டுவரும் விளைபொருளின் நிறையில் வியாபாரிகள் நூற்றுக்குப் பத்து கழிக்கிறார்கள் என்ற நெடுநாள் முறைப்பாட்டையும் விடவில்லை, அதற்கும் ஒரு நிரல் ஒதுக்கினார். அந்தக் கொப்பியைப் பார்த்தபோது, கிரெடிட் என்பது இதற்குத்தான் என்று மனதாரப் பட்டது.

2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, அந்த வருட நவம்பரிலேயே முடிவை மாற்ற நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அப்படியான முடிவுகளை எடுக்குமுன் வயலிலும் சந்தையிலும் நின்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டுக்கு அவசரமாகத் தேவை.

பணமும் ஒரு பெரிய தடை. வவுனியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வரும் பிள்ளை வெள்ளவத்தையில் அறை எடுத்து, சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வீட்டையே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. “கிரெடிட் கிடைக்கிறதுதானே, கொடுப்பனவு எதற்கு?” என்று கேட்கும் நிறுவனங்களும் உண்டு. இது நியாயமே இல்லை. பயணச் செலவும் மதியச் சாப்பாடுமாவது அவர்கள் பொறுப்பாக வேண்டும். அதற்கும் வசதி இல்லையென்றால், தம்புள்ளையிலோ சுன்னாகத்திலோ தன் ஊருக்குக் கிட்டிய சந்தையில் பயிற்சி செய்ய அந்தப் பிள்ளையை அனுமதிக்கலாம்.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. பயிற்சி தொடங்குமுன் ஆராய வேண்டிய கேள்வி ஒன்றை மாணவர், விரிவுரையாளர், நிறுவன மேற்பார்வையாளர் மூவரும் சேர்ந்து எழுத்தில் வைக்கட்டும். புள்ளி போடும்போது நாட்குறிப்பின் கையொப்பங்களை விட்டு, பிள்ளை தன் கையால் திரட்டிய தரவுக் கொப்பியைப் பார்க்கட்டும். விரிவுரையாளர் கொழும்புக்கு வந்துபோக முடியாவிட்டால், கிழமைக்கு ஒருதரமாவது தொலைபேசியில் அழைத்து, “இந்தக் கிழமை சந்தையில் என்ன பார்த்தீர்?” என்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 06