சுங்கை சிப்புட்டிலிருந்து மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

கிள்ளானில் எல்லாரும் சுகம்தானே? இங்கே ரெண்டு வாரமாக எங்களுக்குத் தூக்கமில்லை. ஐந்தாம் லயத்தில் இருந்த பால்மரம் வெட்டும் அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், அவருடைய கடைசி மகனை போலீஸ் பிடித்துவிட்டது. சாப்பாட்டுக் கடை வாசலில் மோட்டார் நிறுத்துவதில் வாய்த்தகராறு, இவன் ஒரே ஒரு தள்ளு தள்ளினான், எதிரே நின்ற பையன் போய் லோங்கான் (சாக்கடை) ஓரத்தில் விழுந்து தலை அடிபட்டு ரெண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். இறந்தவனும் நம் தோட்டத்துப் பிள்ளைதான், அவன் அப்பாவும் நானும் பக்கத்து நிரையில் மரம் வெட்டினோம். சாவு வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை மச்சான்.

பிடித்த அன்றிரவு அக்கா வீட்டில் எல்லாரும் கோயில் தலைவரைக் கூப்பிடு, பெரிய ஆளைப் பிடித்துப் பேசு என்று ஓடினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதலில் வேண்டியது வழக்கறிஞர். விசாரிக்கும் முன் குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 2012 முதல் யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சான், அதாவது தேசிய சட்ட உதவி அறக்கட்டளை, இதற்கு இலவசமாக ஆள் அனுப்புகிறது, ஆனால் நம் ஜனங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியாது. அங்கே போன் போட்டேன், மறுநாள் காலையில் ரிமாண்டுக்கு ஒரு பெண் வழக்கறிஞர் வந்து நின்றார்.

போலீஸ் முதலில் தண்டனைச் சட்டம் 302ஆம் பிரிவில்தான் வழக்கைத் திறந்தது, அதாவது கொலை. 2023 ஜூலைக்கு முன்பு அதற்குத் தூக்கு மட்டும்தான், இப்போது தூக்கு அல்லது 30 முதல் 40 வருஷம் சிறையும் பிரம்படியும். நேற்று 304 ஆ பிரிவில் குற்றம் சாட்டினார்கள். கொல்லும் எண்ணம் இல்லை, ஆனால் உயிர் போகலாம் என்று தெரிந்தே செய்தான் என்று பொருள், அதிகபட்சம் 10 வருஷம் அல்லது அபராதம் அல்லது ரெண்டும். எண்ணம் இருந்தது என்றால் அதே 304இல் 30 வருஷம் வரை போகும். அவன் கையில் என்ன இருந்தது, எத்தனை அடி, அப்புறம் ஓடினானா நின்றானா, இதையெல்லாம் வைத்துத்தான் எண்ணத்தை அளப்பார்களாம். அக்கா மகனே தான் அடிபட்ட பையனைத் தூக்கி காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கடைக் கேமரா பதிவு அழிவதற்குள் வாங்கி வையுங்கள் என்று வழக்கறிஞர் சொன்னதும் நான் அன்றைக்கே கடைக்கு ஓடினேன், நல்லவேளை இருந்தது.

அக்கா அழுது அழுது, "குற்றத்தை ஒத்துக்கோடா, பாவமாவது குறையும்" என்கிறார். பிரேதப் பரிசோதனை அறிக்கையை வழக்கறிஞர் படிக்கும்வரை எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். அவன் செய்ததற்கு அவன் பதில் சொல்லட்டும், செய்யாததற்கும் சேர்த்து ஏன் சொல்ல வேண்டும்? இறந்த பிள்ளையின் அப்பாவிடமும் இதையே சொன்னேன், அவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனுக்குப் பதினாறாம் நாள் காரியம். செவ்வாய்க்கிழமை இவனுக்கு ஜாமீன் மனு, 304க்கு ஜாமீன் தருவது நீதிபதி கையில்தான் இருக்கிறது, கிடைத்தால் கட்டப் பணம் சேர்க்கிறோம். உன்னால் முடிந்ததை அனுப்பு. முடிந்தால் சனிக்கிழமையே புறப்பட்டு வா, ரெண்டு வீட்டுக்கும் சேர்ந்தே போவோம்.

உன் மச்சான்