நடந்து போகிறவர்களுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறை ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பதினான்கு வருடமாக ரோட்டோரம் உட்கார்ந்து வண்டிகளை எண்ணுவதும், எண்ணுகிறவர்களை மேற்பார்வை செய்வதும்தான் என் வேலை. ஓர் ஊருக்கு மேம்பாலம் வேண்டுமா, சிக்னல் வேண்டுமா, சாலையை அகலப்படுத்த வேண்டுமா என்று யாராவது அறிக்கை எழுதுவதற்கு முன்னால், எங்களைப் போன்றவர்கள் படிவத்தோடு அந்தச் சந்திப்பில் இருப்போம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரிசை. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, அது ஐந்து.

சில வருடங்களுக்கு முன்னால் மதுரை மாட்டுத்தாவணியில் எண்ணிக்கை. காலை ஆறு மணி ஷிப்ட். பூ மார்க்கெட்டிலிருந்து பெண்கள் மல்லிகைப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தபடியே இருந்தார்கள். என்னோடு அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இருந்தான். "அக்கா, இவங்களை எந்தக் கட்டத்துல போடறது?" என்று கேட்டான். படிவத்தைப் பார்த்தேன். கார், ஆட்டோ, ஷேர் ஆட்டோ, டூவீலர், மினி பஸ், லாரி, மாட்டு வண்டிக்குக்கூடக் கட்டம் இருந்தது. நடக்கிறவர்களுக்கு இல்லை. "போட வேண்டாம்ப்பா" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் வருந்துகிறேன். அந்த நேரத்தில் ஒரு வயதான அம்மா ரோட்டு நடுவே இருக்கும் மீடியன் மேல் ஏற முடியாமல், பூப்பையை முதலில் மேலே வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி ஏறினார். அவருக்குப் பின்னால் வந்த லாரி கணக்கில் ஏறியது. அவர் ஏறவில்லை.

எண்ணியதை பி.சி.யு.வாக, அதாவது ஒரு வண்டி எத்தனை காருக்குச் சமம் என்ற கணக்காக, மாற்றுவது எப்படி என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்கள் நீங்கள். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரசின் 1990ஆம் வருட வழிகாட்டியில், நகரச் சாலையில் ஒரு கார் 1. போக்குவரத்தில் பஸ்களின் பங்கு பத்து சதவீதத்தைத் தொட்டால் ஒரு பஸ் 3.7, அதே கணக்கில் ஒரு டூவீலர் 0.75. அறுபது பேர் ஏறிய பஸ்ஸும் 3.7, காலி பஸ்ஸும் 3.7. அந்த அறுபது பேரும் ஆளுக்கொரு டூவீலரில் வந்தால் 45. எந்த வண்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்ப்பதற்குப் போட்ட எண்கள் இவை, அந்த வேலைக்குச் சரிதான். ஆனால் எத்தனை மனிதர்கள் போனார்கள் என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை. நடக்கிறவர் இதில் பூஜ்யம். அப்புறம் ரோடு நிரம்பிவிட்டது என்று அறிக்கை வரும், அகலப்படுத்தச் சொல்லும், அகலப்படுத்த முதலில் நடைபாதையைத்தான் எடுப்பார்கள்.

சென்னைக்காக 2008 வாக்கில் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வில், மொத்தப் பயணங்களில் சுமார் 28 சதவீதம் நடை, 26 சதவீதம் பஸ், கார் 6 சதவீதம்தான் என்று தெரிந்தது. வீட்டுக்குப் போய், யார் எங்கே எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டதால் வெளிவந்த உண்மை இது. சந்திப்பில் நின்று வண்டியை மட்டும் எண்ணியிருந்தால் வந்திருக்காது.

சென்னைக்குத் தனிச் சட்டத்தின் கீழ் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் நகரப் போக்குவரத்துக்கான சிறப்பு மையம் இருக்கிறது. சரி, மற்ற ஊர்களுக்கு? தமிழ்நாட்டில் இப்போது 25 மாநகராட்சிகள். காரைக்குடி 2024இல்தான் மாநகராட்சியானது. அங்கே ஓர் ஆலோசனை நிறுவனத்தை வைத்து ஆய்வு நடத்துவதற்குப் பணம் எங்கிருந்து வரும்? ஆனால் அதே ஊரில் அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சேலத்திலும் திருநெல்வேலியிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் உண்டு, திருச்சியில் என்.ஐ.டி. உண்டு. ஒரு சாலை எவ்வளவு போக்குவரத்தைத் தாங்கும் என்று கணக்கிட, இந்தியச் சாலைகளுக்கென்றே கொள்ளளவுக் கையேடு ஒன்றை மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் முடித்தபோது, கூடவே உழைத்த ஏழு கல்வி நிறுவனங்களில் அண்ணா பல்கலைக்கழகமும் ஒன்று. உங்களால் முடியாத வேலை இல்லை.

நானும் கடைசி வருடத்தில் புராஜெக்ட் செய்தவள்தான். நாலு பேர், மூன்று நாள் வெயிலில் நின்று, ஒரு சந்திப்புக்கு சிக்னல் நேரம் கணக்குப் போட்டோம். வைவா முடிந்ததும் கறுப்பு பைண்டிங்கில் பொன்னெழுத்தோடு அது துறை பீரோவுக்குள் போய்விட்டது. அந்தச் சந்திப்பு எந்த அலுவலகத்தின் பொறுப்பு, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதனால் கேட்கிறேன். புராஜெக்ட் தலைப்பு முடிவு செய்வதற்கு முன்னால் உங்கள் ஊர் மாநகராட்சிப் பொறியாளரையோ வார்டு கவுன்சிலரையோ ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்தப் பள்ளி வாசலில், எந்த பஸ் ஸ்டாப்பில் பிரச்சினை என்று அவர்களே சொல்வார்கள். மாணவர்களை அங்கே அனுப்பி, நடக்கிறவர்களையும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களையும் எண்ணச் சொல்லுங்கள். 2021 மே முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. எத்தனை பேர் ஏறினார்கள் என்று டிக்கெட் கணக்கில் தெரியும். ஸ்டாப் வரை எவ்வளவு தூரம் நடந்தார்கள், எத்தனை நிமிடம் நின்றார்கள், நிழல் இருந்ததா என்பதெல்லாம் டிக்கெட்டில் வராது. போய்க் கேட்டால்தான் தெரியும்.

ஒரு டேப்பும் கொடுத்தனுப்புங்கள். தடையில்லாமல் நடக்கும் அகலம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும், நடைபாதை விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரசின் 2012ஆம் வருட வழிகாட்டியிலேயே இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரும் பங்க் கடையும் போக மிச்சம் எவ்வளவு என்று அளந்து எழுதட்டும். அந்த அம்மா ஏறிய மீடியனை நான் அளக்கவில்லை. என் கையில் அன்றைக்கு டேப் இருந்தது.

முடிவை இரண்டு பக்கத் தமிழில் எழுதி மாநகராட்சியில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருட மாணவர்கள் அதே இடத்தில், அதே மாதத்தில் திரும்ப எண்ணட்டும். முகூர்த்த நாளில் மட்டும் வேண்டாம், கணக்கு ஏறுமாறாகிவிடும். இன்னொன்று, மாணவர்களைச் சம்பளமில்லாத ஆட்களாக நடத்தாதீர்கள். பஸ் செலவும் சாப்பாடும் கொடுங்கள், நிழலில் உட்கார வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். களைத்த கண் தப்பாக எண்ணும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

உங்களில் யார் கூப்பிட்டாலும் ஒரு சனிக்கிழமை வந்து, எண்ணுவது எப்படி என்று உங்கள் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். காசு வேண்டாம். படிவமும் நானே கொண்டுவருகிறேன். அதில் முதல் கட்டம் நடக்கிறவர்களுக்கு.

அன்புடன்,
சாலைக் கணக்கெடுப்பு மேற்பார்வையாளர் ஒருவர்