மலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு பலகையாவது வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறை வந்துவிட்டால் பத்திரிகைகளில் வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளுக்குக் குறைவே இல்லை. எல்லாவற்றிலும் பனிமலை, புல்வெளி, அப்புறம் எழுதியவர் கையை விரித்துக்கொண்டு நிற்கிற ஒரு படம். சரி, அழகுதான். ஆனால் நாலு வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவது, மத்தியானம் மூணு மணிக்குப் பசித்தால் என்ன கிடைக்கும், தள்ளுவண்டி அந்தப் பாதையில் போகுமா என்று யாரும் எழுதக் காணோம். அதனால் நான் எழுதுகிறேன், பெரிசாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள்.

என் தங்கை ஜெர்மனியில், முனிச் நகரத்தில் நர்ஸ். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இப்படி ஒருத்தி இருப்பாள், அதனால் இது பெருமைக்குச் சொல்வதில்லை. அவளைப் பார்க்கப் பிள்ளைகளோடு போனபோது, அவளும் லீவு போட்டுவிட்டு எங்களை ரயிலேற்றி, பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலிக்குள் கொண்டுபோய், போல்சானோவில் இறக்கி, அங்கிருந்து பஸ்ஸில் ஒர்டிசெய் என்கிற சின்ன மலை ஊருக்குக் கூட்டிப்போனாள். டோலமைட் மலைகளுக்கு நடுவில், 1,236 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியின் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தக்கலையிலிருந்து கிளம்பும்போது என் மாமியார், "மக்களே, மலை பாக்கணும்னா வேளிமலை வாசல்லயே நிக்குதே, அதுக்கு எதுக்கு பிளைட்டு" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

முதலில் ஒரு எச்சரிக்கை. நம் பிள்ளைகளுக்கு லீவு ஏப்ரல், மே. அந்த மலை ஊர்களுக்கோ அதுதான் தூங்குகிற காலம். பனிச்சறுக்குக் கூட்டம் ஏப்ரலில் போய்விடும், ரோப் கார்களை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பார்கள், பாதி ஓட்டல்கள் பூட்டிக் கிடக்கும். மே நடுவிலிருந்துதான் ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். நாங்கள் மே கடைசியில் போனதால் தப்பித்தோம். ஏப்ரலில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது பதிவு செய்தால், பிள்ளைகள் ஓட்டல் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்னொன்று விசா. இத்தாலி, ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூனில் 90 யூரோவாக ஏறியது, 6 முதல் 12 வயதுக்குள் என்றால் 45, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடும் வேண்டும்.

அந்த ஊரின் கதையே நமக்குப் பழக்கப்பட்ட மாதிரி இருக்கிறது. தெற்கு டிரோல் என்கிற அந்தப் பகுதி முதல் உலகப் போர் வரைக்கும் ஆஸ்திரியாவிடம் இருந்தது, 1919 ஒப்பந்தத்தில் இத்தாலிக்குப் போனது. எல்லைக்கோடு மாறியதே தவிர ஜனங்கள் மாறவில்லை. இன்றைக்கும் தெருப் பலகைகளில் லடின் (அந்த மலைப் பள்ளத்தாக்கு ஜனங்களின் சொந்த மொழி), ஜெர்மன், இத்தாலியன் என்று மூன்று மொழி. பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடம் ஜெர்மனிலும் பாதி இத்தாலியனிலும், கூடவே லடினும் படிக்கிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து மதராஸ் மாநிலத்துக்கு மாறிய நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் போய் விளக்க வேண்டுமா என்ன.

போல்சானோவில் ஓட்ஸி என்கிற பனி மனிதனை வைத்திருக்கும் அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறவிட வேண்டாம். 5,300 வருஷப் பழைய உடல், 1991இல் பனிக்குள்ளிருந்து கிடைத்தது. எல்லையை அளந்து பார்த்ததில் இத்தாலிக்குள் 92 மீட்டர் சொச்சம் தள்ளிக் கிடந்ததாம், அதனால் இவர்களுக்குச் சொந்தம். சின்ன ஜன்னல் ஒன்றில் எட்டித்தான் பார்க்க வேண்டும். தோளில் அம்பு பாய்ந்து செத்தவர் என்றதும் என் மூத்தவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை, எய்தவனைப் பிடித்தார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இளையவள் ஒரு தடவை பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒர்டிசெய்யில் என்னைப் பிடித்து நிறுத்தியது மலை இல்லை, நடக்கிற பாதை. முதல் உலகப் போரில் போர்முனைக்குச் சாமான் கொண்டுபோக ரஷ்யப் போர்க் கைதிகளை வைத்து அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு குட்டி ரயில் போட்டிருக்கிறார்கள். 1960இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் தடத்தைக் காட்டுக்கும் ஆக்கிரமிப்புக்கும் விடாமல் நடைபாதையாக ஆக்கிவிட்டார்கள். ரயில் ஏறிய சரிவு என்பதால் செங்குத்து கிடையாது, தள்ளுவண்டியை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டே போகலாம். பக்கத்து ஊர்களான சாந்தா கிறிஸ்தினா, செல்வா வரைக்கும் போகிறது. பிள்ளை களைத்துப்போனால் கீழே ரோட்டுக்கு இறங்கி பஸ் ஏறிக்கொள்ளலாம். தங்குகிற இடத்திலேயே ஒரு அட்டை கொடுத்துவிடுகிறார்கள், அதைக் காட்டினால் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் தனியாகக் காசு இல்லை.

பாதை பிரிகிற இடமெல்லாம் ஒரு கம்பம். அதில் இடத்தின் பெயர், பாதையின் எண், நடக்க எத்தனை நிமிஷம், அவ்வளவுதான். கிலோமீட்டர் கணக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு என்ன செய்வது? நிமிஷம் தெரிந்தால் தண்ணீர் எடுத்துக்கொள்வதா, திரும்பிவிடுவதா என்று முடிவு பண்ணலாம். (அது பெரியவர்கள் நடக்கிற வேகம், பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு போட்டுக்கொள்ளுங்கள்.) கம்பம் இல்லாத இடத்தில் பாறையிலும் மரத்திலும் சிவப்பு வெள்ளைப் பெயின்ட். மூத்தவன் அதைத் தேடிக்கொண்டு முன்னால் ஓடினான், நடக்க மாட்டேன் என்ற பேச்சே வரவில்லை.

மேலே ஆல்பே டி சியூசி என்று 56 சதுர கிலோமீட்டருக்கு ஒரே புல்வெளி. ரோப் காரில் ஏறினால் 2,000 மீட்டருக்குப் போய்விடுகிறோம், காது அடைக்கும், பிள்ளைகள் வாயில் மிட்டாய் போட்டுவிடுங்கள். டிக்கெட் கையைக் கடிக்கும், அதை மறைப்பானேன். ஆனால் அங்கே காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரைக்கும் வெளியார் கார் ஏறக் கூடாது, அங்கேயே தங்குகிறவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஹாரன் சத்தமே இல்லாத இடத்தில் பிள்ளையின் கையை விட்டுவிட்டு நடந்து எத்தனை நாளாகிறது! மாட்டுக்குப் போட்டிருக்கிற கம்பி வேலியில் மட்டும் கை வைக்க விடாதீர்கள், மின்சாரம் ஓடும். மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரலாம், வந்தால் ரோப் கார் நின்றுவிடும், அதனால் காலையிலேயே போய்விட்டு வருவது நல்லது.

சாப்பாடு பெரிய பாடு. மத்தியானம் இரண்டு, இரண்டரைக்குப் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், அப்புறம் ராத்திரி ஏழு மணிக்குத்தான். கடைகளும் நடுப்பகலில் சாத்திவிடும். பழைய ரொட்டியைப் பிசைந்து உருட்டி வேகவைத்த ஒரு உருண்டை அந்த ஊர் விசேஷம், என் பிள்ளைகள் தொடவில்லை. தக்காளி போட்ட பாஸ்தாவும் நான் கொண்டுபோன நேந்திரங்காய் சிப்ஸும்தான் காப்பாற்றின. சமையலறையோடு வீடு எடுத்தால் ராத்திரி கஞ்சி வைத்துக்கொள்ளலாம். தெருக் குழாய்களில் வருகிற தண்ணீரைக் குடிக்கலாம், குடிக்கக் கூடாததில் எழுதி வைத்திருப்பார்கள்.

எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. செசெடா என்கிற உச்சியில் போட்டோ எடுக்கிற கூட்டம் தாங்காமல் 2025 கோடையில் நிலத்துக்காரர்களே வழியில் சுழல்கதவு வைத்து ஆளுக்கு 5 யூரோ வாங்கினார்கள். கூட்டத்தை வரவைத்துவிட்டு அப்புறம் தலையில் கை வைப்பது அங்கேயும் உண்டு.

ஊர் முழுக்க மரச் சிற்பக் கடைகள். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இதே தொழில், பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லாதபோது ஆரம்பித்த செதுக்கல். ஒரு கடையில் பெரியவர் ஒருவர் வாசலில் உட்கார்ந்து ஒரு மாதா சொரூபத்தின் முக்காட்டு மடிப்பைச் சின்ன உளியால் சுரண்டிக்கொண்டிருந்தார், சுருள் சுருளாக விழுந்த மரத்தூளை என் மகள் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள், அவரும் இன்னும் இரண்டு சுருள் சீவிக் கொடுத்தார். மயிலாடியில் இதே வேலையைக் கல்லில் செய்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். எத்தனை பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறோம்? அங்கே போய் நின்று பார்க்கலாம் என்று சொல்ல ஒரு பலகை இருக்கிறதா?

நம்மிடம் என்ன இல்லை? மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறது, 115 அடி உயரத்தில் ஆற்றைத் தாண்டித் தண்ணீர் போகிறது, இத்தாலியில் இருந்திருந்தால் அதற்கே டிக்கெட் போட்டிருப்பார்கள். சிதறால் மலை இருக்கிறது, மேலே சமணச் சிற்பங்கள், ஏறப் பாதையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே சானல்கரைகள், அதாவது பாசனக் கால்வாய்க் கரைகள். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஓடுகிற கரைகள் மேடு பள்ளம் இல்லாமல், தென்னை நிழலில், அந்த ரயில் தடத்தைவிட நன்றாகவே கிடக்கின்றன. ஆனால் ஒரு கரையில் பைக், ஒரு கரையில் குப்பை. அருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம், ஒரு இடத்தில் பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை, நான் வெளியே காவல் நின்றேன், எந்த அருவி என்று சொல்லி வம்பை வாங்கப் போவதில்லை.

கோடிக்கணக்கில் திட்டம் யாரும் கேட்கவில்லை, கண்ணாடிப் பாலம் கடல் நடுவில் வந்தாகிவிட்டது, அதுவே போதும். சுற்றுலாவுக்குப் பொறுப்பானவர்கள் ஒரே ஒரு சானல்கரையை எடுத்துக்கொள்ளட்டும். வண்டி ஏறாமல் இரண்டு முனையிலும் கல் நடட்டும். நடுவில் ஒரு கழிப்பறை, தாழ்ப்பாளோடு. பஸ் நிற்கிற இடத்தில் நேரம் எழுதிய பலகை. கரை நெடுக, தொட்டிப்பாலம் 40 நிமிஷம், டீக்கடை 15 நிமிஷம் என்கிற மாதிரி நாலைந்து பலகைகள். தகரப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தால் மயிலாடியில் கொடுங்கள், கல்லிலேயே வெட்டித் தருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை.